திகனவில் கழிந்த பத்து நாட்கள்

கண்டி நகரத்துச் சந்தடியை விட்டு நீங்கி, தென்னகும்புரப் பாலத்தில் மகாவலியைக் கடந்து, குண்டசாலை, பல்லேகலை, கெங்கல்ல என்று ஒன்றையடுத்து ஒன்றாக வரும் சிறு கடைத்தெருக்களைப் பார்த்துக்கொண்டே மஹியங்கனை வீதியில் பிரயாணம் செய்பவர்கள் திகனவை வந்தடைகிறார்கள். ஒரு புறம் தும்பறைப் பள்ளத்தாக்கைக் காவல் செய்வதுபோல நிற்கும் மலைத்தொடரும், மறு புறம் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அகன்ற நீர்ப்பரப்பும் அமைந்த இந்த ஊரைப் பட்டணம் என்று சொல்வதா, கிராமம் என்று சொல்வதா என்பது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே நிச்சயமில்லை. ஒரு சந்தி, சந்தியைச் சுற்றி மருந்துக்கடை, புடவைக்கடை, பேக்கரி, ஹார்ட்வெயார் கடை, முச்சக்கரவண்டித் தரிப்பிடம், சற்றுத் தள்ளிப் பன்சலை, பள்ளிவாசல், ரஜவெல்லப் பக்கமாகத் திரும்பினால் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் லயங்கள். கடிகாரத்தைப் பார்த்து வாழ வேண்டிய அவசியம் இன்னும் முழுதாக வந்து சேராத ஊர் அது.

இவ்வூரில் காணி வாங்க நினைப்பவரும், மகளை இங்கே வாழ்க்கைப்படுத்த யோசிக்கும் பெற்றோரும், உத்தியோக மாற்றத்தில் வந்து வாடகைக்கு வீடு தேடுபவரும் முதன்முதலாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பக்கம் பயமில்லாமல் இருக்கலாமா?" கேட்கப்படுகிறவர் பொலிஸ் உத்தியோகத்தராயின் வருஷக் கணக்கைச் சொல்லுவார், கடைக்காரராயின், இரவு ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டி, அன்றைய வசூலைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே வீடு போவதைச் சொல்லுவார். இரண்டும் உண்மைதான். ஆனால் 2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாத நடுப்பகுதியில் அதே சந்தியில் அதே கேள்வியைக் கேட்டிருந்தாலும் அதே விடைகள்தாம் கிடைத்திருக்கும். அதற்குப் பின் ஒரு மாதம் கழிவதற்குள் அந்தக் கடைத்தெருவில் கரிந்த சுவர்கள் நின்றன என்பதை நினைக்கும்போதுதான், நாம் பாதுகாப்பென்று எதைச் சொல்லுகிறோம், அதை எதைக் கொண்டு அளக்கிறோம் என்ற சந்தேகம் மனத்தைப் பிடித்துக்கொள்ளுகிறது.

இப்படிப்பட்ட ஊர்களில் குற்றமே இல்லையென்று யாரும் வாதிக்க முடியாது. வீட்டுக்காரர்கள் மத்திய கிழக்கில் உழைத்துக்கொண்டிருக்க, பூட்டிக்கிடக்கும் வீட்டை உடைக்கிறவர்கள் உண்டு. பஸ் நெரிசலில் பெண்களின் கழுத்துச் சங்கிலியை அறுக்கிறவர்களும், அதே நெரிசலில் அவர்களைச் சீண்டி மானபங்கப்படுத்துகிறவர்களும் உண்டு. மேய்ச்சலுக்கு விட்ட மாட்டை இரவோடிரவாக ஏற்றிக்கொண்டு போகிறவர்களும், ஆற்றோரத்தில் அனுமதியின்றி மணல் அள்ளுகிறவர்களும், ஓடைக்கரைப் புதருக்குள் கசிப்புக் காய்ச்சுகிறவர்களும் உண்டு. மலைநாட்டுக்கே உரியதென்று சொல்லத்தக்க குற்றமொன்றும் இருக்கிறது: பழைய விகாரைக் காணியிலோ பாறையடியிலோ புதையல் கிடக்கிறதென்று நம்பி, மாந்திரீகர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நள்ளிரவில் குழி தோண்டப் போய், தொல்பொருட் சட்டத்தின் கீழ் அகப்பட்டுக்கொள்ளுகிறவர்கள் வருஷந்தோறும் இருக்கிறார்கள். இவற்றோடு அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்திருப்பது போதைப்பொருள். 'குடு' என்றும் 'ஐஸ்' என்றும் பாடசாலைப் பிள்ளைகளுக்குக்கூடப் பெயர் தெரிந்துவிட்ட இந்த விஷத்தை ஒழிப்பதாகச் சொல்லி, 2023ஆம் ஆண்டு டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரால் நாடெங்கும் பெரும் பொலிஸ் நடவடிக்கை தொடங்கப்பட்டது. சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் பிடிக்கப்பட்டார்கள். பிடிக்கும் முறையைக் குறித்து ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் அடுத்த மாதமே ஆட்சேபம் தெரிவித்தார்கள்.

கொலைகளைப் பற்றிய கணக்குகளைப் பார்ப்போமாயின், இலங்கையில் வருஷமொன்றுக்கு ஐந்நூறு கொலைகள் அளவில் நடக்கின்றன. ஜனத்தொகையில் ஒரு லட்சம் பேருக்கு இரண்டு அல்லது மூன்று என்று இது வரும். 2017ஆம் ஆண்டுக்கு ஐக்கிய நாடுகள் நிறுவனம் கணக்கிட்ட உலகச் சராசரி ஆறு. ஆகவே இலங்கை ஆபத்தான தேசம் என்று சொல்ல இடமில்லை. கொலையாளியின் கையால் இறப்பவர்களைப் போல ஐந்தாறு மடங்கு மனிதர்கள் வீதி விபத்துக்களில் இறக்கிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால், இரவில் திருடனுக்குப் பயந்து கதவைத் தாழிடும் குடும்பஸ்தர், பகலில் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகும்போதுதான் அதிகம் பயப்பட வேண்டும் என்று தோன்றும். ஆனால் பயம் கணக்குப் பார்த்து வருவதில்லை.

மேலும், ஒரு லட்சத்துக்கு இத்தனை என்ற இந்த அளவுகோல் சிற்றூருக்கு வரும்போது தடுமாறுகிறது. பத்தாயிரம் பேர் வாழும் ஊரில் ஒரு வருஷத்தில் ஒரே ஒரு கொலை நடந்தால், விகிதாசாரப்படி அது லட்சத்துக்குப் பத்து. அந்த ஊர் உலகச் சராசரியைத் தாண்டிய பயங்கர நகரமாகிவிடுகிறது. அடுத்த வருஷம் ஒன்றும் நடக்காவிட்டால் அது சொர்க்கபூமி. ஊர் மாறவில்லை, மனிதர்கள் மாறவில்லை. எண் மாத்திரம் ஏறி இறங்கியிருக்கிறது. இத்தகைய எண்ணை நம்பி ஓர் ஊரைப் புகழ்வதும் இகழ்வதும், ஒரு நாளைய மழையைக் கொண்டு ஒரு பருவத்தை நிர்ணயிப்பது போன்ற காரியம்.

இதிலும் ஆழமான குறை வேறொன்று. பொலிஸ் புத்தகத்தில் ஏறியது மாத்திரந்தான் கணக்கில் வருகிறது. "என்ட்ரி போடுவது" என்று நம் ஜனங்கள் சொல்லும் அந்த முறைப்பாட்டுப் பதிவுக்காகத் தோட்டத்துப் பெண்ணொருத்தி பொலிஸ் நிலையத்துக்குப் போவதை எண்ணிப் பாருங்கள். அரைநாட் சம்பளத்தை இழந்து, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, மரப்பலகையில் மணிக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் மேசைக்கு முன்னால் நின்று அவள் தமிழில் சொல்லுவதை எதிரே இருப்பவர் சிங்களத்தில் எழுதுகிறார். எழுதியதை வாசித்துக் காட்டினாலும் அவளுக்கு விளங்காது; விளங்காத எழுத்தின் அடியில் கையொப்பம் இடுகிறாள். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தினால் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியாயிற்று. அவ்வாறு ஆகி முப்பது வருஷங்களுக்கு மேலாகியும், அடிபட்டவள் தன் அடியைத் தன் பாஷையில் பதிவு செய்ய முடியாத நிலையம் மலையகத்தில் இருக்குமானால், அந்தப் பிரதேசத்துக் குற்றக் கணக்கு குறைவாக இருப்பதைக் கண்டு நாம் சந்தோஷப்பட நியாயமில்லை. குடித்துவிட்டு மனைவியை அடிப்பதும், சீட்டுப் பணத்தை விழுங்குவதும், பிள்ளைகளிடம் தகாத முறையில் நடப்பதும் கோயில் வாசலிலோ தலைவர் வீட்டுத் திண்ணையிலோ பேசித் தீர்க்கப்படுகின்றன. அல்லது தீர்க்கப்படாமலே மறைக்கப்படுகின்றன. எந்தப் புத்தகத்திலும் அவை ஏறுவதில்லை.

இந்தப் பள்ளத்தாக்கின் அண்மைக்காலச் சரித்திரத்தையும் சிறிது சொல்ல வேண்டும். பழைய தெல்தெனியப் பட்டணம் இன்று தண்ணீருக்கடியில் இருக்கிறது. பிரித்தானியரின் பொருளுதவியுடன் மகாவலியை மறித்துக் கட்டிய, 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைக்கட்டு 1985ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆந் திகதி ஜனாதிபதி ஜயவர்த்தனாவால் திறந்து வைக்கப்பட்டபோது, வயலும் வீடும் கடையும் வழிபாட்டுத் தலமுமாகப் பல்லாயிரம் பேரின் பூர்வீகம் நீருள் மறைந்தது. மேட்டு நிலத்தில் புதிய தெல்தெனிய எழுந்தது, திகன வளர்ந்தது, அணை கட்டவந்த வெள்ளைக்கார எஞ்சினியர்களுக்கென்று அமைத்த பங்களாக்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. கண்டி நகரத்தின் நடுவில் 1876 முதல் இருந்த போகம்பரைச் சிறைச்சாலை 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டு, கைதிகள் இதே வீதியிலுள்ள பல்லேகலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் திகன, ஹாரகம பகுதிகளில் பூமி இலேசாக அதிர்ந்தது. அவ்வருஷத்திலேயே அது பின்னும் சிலமுறை அதிர்ந்தபோது, அணைக்கு என்ன ஆகுமோ என்று நாடே திகிலடைந்தது. அதிகாரிகள் உடனே வந்தார்கள். சுவர் வெடிப்புகளைப் பார்வையிட்டார்கள். பல்லேகலையில் ஏற்கெனவே இருக்கும் நிலநடுக்க அளவை நிலையத்தின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பூமியின் நடுக்கத்துக்கு அந்த ஊரில் கருவி இருந்தது. அதற்கு இரண்டரை வருஷங்களுக்கு முன்னால் மனிதரின் நடுக்கம் தொடங்கியபோது, அதை அளந்து சொல்ல ஒருவரும் அங்கே இருக்கவில்லை.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதி இரவு, தெல்தெனியப் பகுதியில் லொறிச் சாரதி ஒருவருக்கும் முச்சக்கரவண்டியில் வந்த நால்வருக்கும் வீதியில் தகராறு மூண்டது. தேசமெங்கும் ஒவ்வொரு நாளும் நூறு இடங்களில் மூளும் தகராறுதான் அது. ஆனால் அன்று வார்த்தை முற்றி, நால்வரும் அந்தச் சாரதியை மோசமாக அடித்தார்கள். அவர் கண்டி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். அடித்தவர்கள் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். பல நாட்கள் உயிருக்குப் போராடிய அந்த மனிதர், மார்ச் மாதத்தின் முதல் நாட்களில் இறந்துபோனார். அவர் சிங்களவர், அடித்த நால்வரும் முஸ்லிம்கள்.

இதுவரையில் நடந்தது ஒரு கொலைக் குற்றம். மிகக் கொடிய குற்றந்தான். ஒரு குடும்பம் தன் ஆதாரத்தை இழந்து தெருவில் நின்றது. அதைச் சிறிதாக்கிப் பேசுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆனால் குற்றம் செய்தவர்கள் இன்னாரென்று தெரிந்திருந்தது. அவர்கள் சட்டத்தின் பிடியில் இருந்தார்கள். செய்ய வேண்டியதைச் சட்டம் செய்துகொண்டிருந்தது. ஒரு குற்றத்துக்கு அதைச் செய்தவனே பொறுப்பாளி என்ற, மனித சமூகம் எத்தனையோ ஆயிரம் வருஷம் ரத்தம் சிந்திக் கற்றுக்கொண்ட நியதி அந்த நேரம் வரையில் உடையாமல் இருந்தது.

அந்த நியதி உடைந்தது பெப்ரவரி 22க்கும் மார்ச் 4க்கும் இடைப்பட்ட பத்து நாட்களில். இந்தப் பத்து நாட்களைப் பற்றித்தான் நான் அதிகமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால், பின்னால் வந்த ஊரடங்கையும் நெருப்பையும் பற்றி எழுதியவர்கள் அநேகர், இந்த நாட்களைப் பற்றி எழுதியவர்கள் சிலரே.

தேசத்தின் நிலைமை அப்போது என்ன? பெப்ரவரி 10ஆந் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் ஆளுங்கட்சிகள் இரண்டும் பெருந்தோல்வி கண்டு, யார் பிரதமராக நீடிப்பார், யார் மந்திரியாவார் என்று கொழும்பில் குழப்பம் நிலவியது. சட்டமும் ஒழுங்கும் என்ற அமைச்சே கைமாறிக்கொண்டிருந்தது. பெப்ரவரி மாத இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் கறிக்குள் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு வதந்தி கிளம்பி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் கலந்து மனிதரை மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகில் இல்லையென்று வைத்தியர்கள் சொன்னார்கள். அந்தக் கறியில் இருந்தது மாவுக்கட்டி என்று பிற்பாடு அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வு காட்டிற்று. ஆனால் பகுப்பாய்வு வரும்வரையில் வதந்தி காத்திருக்கவில்லை. மலைகளைத் தாண்டித் தும்பறைக்கு வந்துவிட்டது.

அங்கே, வைத்தியசாலையில் கிடந்த சாரதியின் கதை ஒவ்வொரு கையிலுமிருந்த தொலைபேசியில் ஒவ்வொரு விதமாக வளர்ந்துகொண்டிருந்தது. திகனக் கடைத்தெருவில் நடந்துகொண்டே கடைகளின் பெயர்ப்பலகைகளை எண்ணி, இந்த ஊர் முஸ்லிம்களுடையதாகிவிட்டது என்று பேசிய தீவிரவாதி ஒருவரின் காணொளி முகநூலில் பரவிற்று. கவனியுங்கள்: கொலைக் குற்றத்தில் தொடங்கிய பேச்சு இப்போது கடைகளின் எண்ணிக்கைக்கு வந்துவிட்டது. அடித்த நால்வரில் எவருக்கும் அந்தக் கடைகளோடு சம்பந்தமில்லை. ஆயினும் அந்த வரிசையில் பிஸ்கட் விற்றவரும், சீலை விற்றவரும், ஆணி விற்றவரும், தமக்கே தெரியாமல், வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்த ஒரு மனிதருக்குக் கடன்காரர்களாக்கப்பட்டார்கள். முஸ்லிம்களைக் கொல்ல வேண்டுமென்று பகிரங்கமாக எழுதிய பதிவுகளைக் குறித்து முகநூல் நிறுவனத்துக்கு முறையிட்டவர்களுக்கு, அவை தமது விதிகளை மீறவில்லையென்று பதில் வந்ததும் உண்டு. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்த நிறுவனத்தில் போதிய அளவு இல்லையென்பது பிறகு வெளிவந்தது. இரண்டு வருஷங்கள் கழித்து, 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்த நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

மார்ச் 4ஆந் திகதி முதற் கல் விழுந்தது. ஐந்தாந் திகதி, திங்கட்கிழமை, இறந்தவரின் பூதவுடல் ஊர் வந்த நாளில், திகனவில் கூட்டம் கூடிற்று. வெளியூர்களிலிருந்து வாகனங்களில் வந்தவர்கள் அநேகர் என்றும், எந்தக் கடை யாருடையது என்று காட்டிக்கொடுத்தவர்கள் உள்ளூரிலே இருந்தார்கள் என்றும் கண்டவர்கள் சொன்னார்கள். பிற்பகலில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஊரடங்கு இருக்கும்போதே நெருப்பு பரவிற்று. எரிந்த வீடொன்றின் உள்ளே புகையில் அகப்பட்டு ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார்; இருபத்தேழு வயது. மறுநாள் அவருடைய சடலம் எடுக்கப்பட்டது. லொறிச் சாரதியைப் போலவே அவரும், தம் வாழ்நாளில் எந்த ஜாதிக்காகவும் சண்டையிடாத சாதாரண மனிதர். அதே மறுநாள், மார்ச் 6ஆந் திகதி, 2011ஆம் ஆண்டுக்குப் பிறகு முதன்முறையாக நாடு முழுவதற்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அப்படியும் ஏழாந் திகதி அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, அம்பதென்ன, மெனிக்ஹின்ன முதலிய இடங்களுக்குக் கலகம் தாவிற்று. முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவை முடக்கப்பட்டன. 'மகசோன் பலகாய' என்ற அமைப்பின் தலைவரும் வேறு சிலரும் எட்டாந் திகதி கைதாயினர். எல்லாம் அடங்கியபோது சேதமடைந்த வீடுகளும் கடைகளும் வாகனங்களும் நானூறுக்கு மேல் என்று கணக்காயிற்று, பள்ளிவாசல்களும் தப்பவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். அம்மாத இறுதியில் ரொய்ட்டர்ஸ் செய்தி ஸ்தாபனம், கண்காணிப்புக் கமெராப் பதிவுகளையும் சாட்சிகளின் வாக்கையும் ஆதாரமாகக் கொண்டு, காவல் செய்ய வந்தவர்களில் சிலரே தாக்குதலில் கலந்துகொண்டதாக எழுதிற்று. திருடன் வீட்டுக்குள் வந்தால் 119 என்ற இலக்கத்தை அழைக்கலாம். அழைக்கப்பட்டவர்களே பயத்துக்குக் காரணமானால் யாரை அழைப்பது என்ற அந்த ஜனங்களின் கேள்விக்கு, அந்த வருஷத்துப் பாரதூரமான குற்றங்களின் அட்டவணையில் எந்தப் பத்தியும் இல்லை. அந்த அட்டவணையில் மாண்ட இளைஞர் ஓர் எண். எரிந்த கடைகள் சில எண்கள். ஆனால், தன் கடைக்குத் தீ வைக்க வந்தவனைத் தூக்கி வளர்த்தவர் தாம் என்று அறிந்த முதியவரின் நித்திரை எப்படிப்பட்டது என்பதை எந்தப் பத்தியில் எழுதுவது?

கண்டிச் சீமைக்கு இது புதிதென்று சொல்லவும் வழியில்லை. 1915ஆம் ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டிப் பட்டணத்துக் காசில் வீதியில் பள்ளிவாசலுக்கு முன்னால் பஜனைக் கோஷ்டி சென்றது பற்றிய தகராறு மூண்டு, சில நாட்களுக்குள் மேல்மாகாணம் வரையில் பரவி, நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்படும் அளவுக்கு வளர்ந்தது. ஜூன் 2ஆந் திகதி ஆங்கில அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. பின்பு அந்த அரசாங்கம் என்ன செய்தது? குற்றவாளிகளைத் தேடுவதோடு நில்லாமல், நஷ்டஈட்டை அந்தந்தப் பகுதிச் சிங்களக் குடிகள் எல்லோர்மீதும் வரியாகச் சுமத்தியது. விசாரணையென்று சொல்லத்தகாத விசாரணைகளின் பேரில் பலரைச் சுட்டுக் கொன்றது. சட்ட நிரூபண சபையில் எழுந்து அதைக் கண்டித்துப் பேசியவர் ஒரு தமிழர், சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவருடைய பேச்சு முஸ்லிம்களின் துயரத்துக்கு உரிய இடத்தைக் கொடுக்கவில்லையென்று அந்த ஜனங்களுக்கு மனக்குறை உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் சிலர் செய்ததற்கு எல்லோரையும் தண்டிப்பது அநீதி என்ற அவருடைய அடிப்படை வாதத்தை மறுப்பதற்கில்லை. கலகக்காரன் செய்த அதே பிழையைத்தான் கவர்னரும் முத்திரை வைத்துச் செய்தார்.

தமிழர்களாகிய நமக்கு இதை விளங்கிக்கொள்ளப் புத்தகம் வேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆந் திகதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இராணுவத்தினர் பதின்மூவர் கொல்லப்பட்டார்கள். அதற்கு மூன்றாம் நாள், ஜூலை 26ஆந் திகதி பிற்பகல், கண்டியில் பேராதனை வீதியிலும் காசில் வீதியிலும் திருகோணமலை வீதியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. மருந்து விற்றவருக்கும் நகை செய்தவருக்கும் திருநெல்வேலிச் சந்தி எந்தத் திக்கில் இருக்கிறதென்றுகூடத் தெரிந்திராது. 2018இல் திகனவில் எரிந்த கடையைப் பார்த்த ஒவ்வொரு மலையகத் தமிழ்க் குடும்பத்துக்கும் தன் பாட்டன் காலத்து நெருப்பு நினைவுக்கு வந்திருக்கும். அப்படி வந்த நினைவு சிலரைக் கதவைத் திறக்கச் செய்தது. சிலரைத் தாழிடச் செய்தது. தாழிட்டவர்களை நான் குறைகூற மாட்டேன்.

கதவைத் திறந்தவர்கள் எல்லா ஜாதியிலும் இருந்தார்கள். பள்ளிவாசலுக்கு அருகே போய் நின்று கூட்டத்தைத் தடுத்த பிக்குகளும், முஸ்லிம் குடும்பங்களைத் தம் வீட்டுப் பின்னறையில் ஒளித்துவைத்த சிங்களத் தாய்மாரும் உண்டென்பது அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் அறிந்த விஷயம். கண்டி ராஜாக்கள் காலத்தில் உப்பும் கருவாடும் ஏற்றிய தவளங்களை ஓட்டி, 'மடிகே' என்ற அரச போக்குவரத்துப் பகுதியில் சேவகம் செய்து, மலைக் கிராமங்களை வெளியுலகத்தோடு இணைத்தவர்கள் முஸ்லிம்கள். போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து துரத்தியபோது அவர்களுக்கு இடம் கொடுத்தவன் கண்டி மன்னன். நானூறு வருஷ காலத்துப் பழக்கம் ஒரு திங்கட்கிழமையில் முழுதும் அற்றுப்போய்விடாது. ஆனால் அந்தப் பழக்கத்தை நம்பிக்கொண்டு அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் கூடாது.

ஆகவே திரும்பவும் அந்தப் பத்து நாட்களுக்கே வருகிறேன். திகனவுக்கு இனிமேல் யாராவது பாதுகாப்புத் திட்டம் வகுப்பார்களாயின், சந்திக்குச் சந்தி கமெராவும் இன்னும் இரண்டு ஜீப்பும் வாங்குவதற்கு முன்னால், அந்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, இன்னின்ன திகதியில் இன்னார் என்ன செய்திருக்கலாம் என்று பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெரிய விஷயங்கள் எவையும் வேண்டியிருக்கவில்லை. நால்வரும் பிடிபட்டு விளக்கமறியலில் இருக்கிறார்கள், வழக்கு இன்ன நீதிமன்றத்தில் இன்ன நாளில் எடுக்கப்படும் என்று, இரண்டு பாஷையிலும், கடைத்தெருவில் நின்று உரக்கச் சொல்ல ஒரு பொறுப்பதிகாரி போதும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளில், வேலித் தகராறையும் சில்லறைக் கடனையும் பேசித் தீர்த்துப் பழகிய பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கொலை வழக்கைத் தீர்க்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, ஆனால் வைத்தியசாலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து, செலவுக்குப் பணம் இருக்கிறதா, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்களா என்று கேட்பதற்கு அதிகாரம் எதற்கு? கிராம சேவகர், பள்ளிவாசல் நிர்வாகி, பன்சலைத் தாயக சபைத் தலைவர், கோயில் தர்மகர்த்தா ஆகிய இவர்கள் நால்வரும் ஒரே வாகனத்தில் போயிருந்தால், கடைகளை எண்ணிக்கொண்டு வந்தவருக்குக் கேட்பதற்கு ஆட்கள் குறைந்திருப்பார்கள். சர்வதேச சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டுச் சட்டம் பகைமையைத் தூண்டும் பேச்சைக் குற்றமாக்கி அப்போது பத்து வருஷங்களுக்கு மேலாகியிருந்தன. மார்ச் 8ஆந் திகதி கைது செய்ய முடிந்தவர்களை மார்ச் முதலாந் திகதி அழைத்து விசாரித்திருக்க முடியாதா என்ற கேள்விக்கு, அந்த ஊரார் இன்னும் விடை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வீடு தேடி வந்து பாதுகாப்பை விசாரிப்பவருக்கு நான் சொல்வது இதுதான்: பொலிஸ் கணக்கைக் கேளுங்கள், அதில் பிழையில்லை. அதோடு, இந்த வீதியில் கடைசியாக ஒரு வண்டியோடு ஒரு வண்டி மோதியபோது, சுற்றி நின்றவர்கள் முதலில் காயத்தைப் பார்த்தார்களா, பெயரைக் கேட்டார்களா என்பதையும் விசாரியுங்கள்.

சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில், கடைத்தெருவில் சனம் நெரியும்போது, ஒலிபெருக்கி கட்டிய பொலிஸ் வாகனமொன்று மெதுவாக ஊர்ந்து வருவது நம் சிறு பட்டணங்களில் வழக்கம். பணப்பையைக் கவனமாக வைத்துக்கொள்ளும்படியும், நகைகளை மறைத்துக்கொள்ளும்படியும், பிள்ளைகளின் கையை விடாமல் பிடித்துக்கொள்ளும்படியும் அது புத்தி சொல்லிக்கொண்டு போகும். 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 22க்குப் பின் பத்து நாட்களாக, திகனச் சந்தியில், சொல்லத் தகுந்த செய்தி இருந்தது. ஒலிபெருக்கி முழங்கியது பதினோராம் நாள் பிற்பகலில். எல்லோரும் உடனே வீட்டுக்குள் போகும்படி சொல்லுவதற்காக.